அடிச்சோறு

உம்மு சல்மாவின் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் இருந்தது. நான்காவது பிள்ளை பிறந்த பிறகு வந்தது. நின்றால் புடைக்கும், மல்லாந்து படுத்துக் கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். அதைச் சேலைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொண்டே வருடக்கணக்கில் சமைத்தாள், துவைத்தாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். அறுபத்தொன்றாம் வருடம் ஒரு காலையில் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் வலி தாங்காமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கணவர் அப்துல் முத்தலிப் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் சீனர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை லீலா என்ற தமிழ் நர்ஸ் எடுத்துச் சொன்னாள்.

"குடல் இறங்கியிருக்குக்கா. ஆப்பரேஷன் செய்யணும். ஆனா இப்ப செய்ய மாட்டாராம். வயித்துல கொழுப்பு அதிகம், இப்படியே தைச்சா தையல் நிக்காதுன்னு சொல்றாரு. முப்பது பவுண்டு குறைச்சுட்டு வாங்க."

"முப்பது பவுண்டா?" என்றார் முத்தலிப். "ஒரு ஆட்டுக்குட்டி கனமாச்சே மிஸ்ஸி."

லீலா சிரிக்கவில்லை. என்ன சாப்பிட வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னாள். காலையில் சீனி போடாத கோப்பி, காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று. மதியம் ஒரு கரண்டிச் சோறு, அவித்த கீரை, எண்ணெய் இல்லாமல் ஆக்கிய மீன். பொழுது சாய்ந்ததும் மறுபடி ரொட்டி, வெள்ளரிக்காய். நெய் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, இனிப்பு கூடவே கூடாது. கடைசியாக ஒன்று சொன்னாள்: "அந்த வீக்கம் என்னிக்காவது கல்லு மாதிரி ஆகி உள்ள போகாம நின்னுச்சுன்னா, அப்ப எதுக்கும் காத்திருக்காதீங்க. நேரா இங்க வந்துடுங்க."

டன்லப் ஸ்ட்ரீட்டில் முத்தலிப்புக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்படி, மேலே வீடு. நெய்ச்சோறும் குருமாவும் தாளிச்சாவும்தான் கடைக்குப் பேர் வாங்கித் தந்தவை. அந்தப் பேர் சல்மாவின் கையில் இருந்தது. அடுப்பில் ஏறுகிற எல்லாவற்றுக்கும் உப்பும் புளிப்பும் பார்ப்பவள் அவள்தான். அவளைத்தான் நெய்யைத் தொடாதே என்றார்கள்.

"வருசா வருசம் முப்பது நோன்பு புடிக்கிறவ. இவளுக்கு இதெல்லாம் ஒரு பசியா?" என்று முத்தலிப் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னார். சல்மாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் நோன்பின் பசிக்கு ஒரு கரை உண்டு. பாங்கு ஒலித்ததும் அது முடிந்துவிடும். அதுவரை வீடே சேர்ந்து பசித்திருக்கும். தெருவே சேர்ந்து பசித்திருக்கும். அதற்கு நன்மை உண்டு. இந்தப் பசி சாப்பிட்டுக் கை கழுவும்போதே தொடங்கிவிட்டது. வீட்டில் எல்லாரும் உண்டார்கள், அவளே சமைத்துப் பரிமாறினாள், அவள் ஒருத்தி மட்டும் பசித்திருந்தாள். காலையில் சமாளிக்க முடிந்தது. அடுப்பில் நெய் சூடாகி ரம்பை இலையும் பட்டையும் அதில் விழுந்து பொரியும்போது வாயெல்லாம் நீர் ஊறிக் கண் இருண்டது. உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கால் தொட்டு, உடனே தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டாள். வயிற்றை முண்டுத் துணியால் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். குவளை குவளையாகத் தண்ணீர் குடித்தாள். மதியம் படுத்தால் கனவில் கூடத் தட்டுகள் வந்தன.

எடை குறைந்தது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் தராசின் முள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. முத்தலிப்புக்குப் பெருமை தாங்கவில்லை. "என் வீட்டுல அரிசியையே மறந்துட்டா லா," என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்வார். வாடிக்கையாளர்கள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். சல்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வாள்.

வீட்டில் கதீஜாவும் இருந்தாள். முத்தலிப்பின் அக்கா. அவள் கணவர் நூர்தீன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர். வயிற்று வலியை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனவரை மூன்றாம் நாள் தூக்கி வந்து போட்டார்கள். குடல் முறுக்கி அழுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் இறந்த பிறகு கதீஜா தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். சல்மாவின் வீக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. சல்மாவின் ரொட்டியை அவளே வாட்டித் தந்தாள், சல்மாவின் சோற்றை அவளே அளந்து வைத்தாள், முன்னால் நின்று பார்த்தாள்.

ஒரு நாள் பிள்ளைகளுக்குச் செய்த தேங்காய்ப் பணியாரத்தில் பாதியைப் பிய்த்துச் சல்மா வாயில் போட்டபோது கதீஜா உள்ளே வந்துவிட்டாள். திட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்ற சல்மாவை வெறுமனே பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் பலகாரமும் மிஞ்சின கறியும் வைக்கும் கம்பிவலை அலமாரியில் ஒரு பூட்டுத் தொங்கியது. சாவி கதீஜாவின் இடுப்பில் இருந்தது.

"உன் நல்லதுக்குத்தான் சல்மா."

"சரி மதினி," என்றாள் சல்மா. தன் அடுப்படியில் தானே திருடியாகிவிட்டாள். அன்றிலிருந்து பசிக்கிறது என்ற சொல்லை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "பழகிப்போச்சு" என்றாள்.

தஞ்சோங் பகாரில் ஒரு கல்யாணம் வந்தது. பெண் வீட்டார் கடையநல்லூர்க்காரர்கள், முத்தலிப்புக்குச் சொந்த ஊர். சாப்பாடு முழுவதும் இவர் பொறுப்பு. கடையில் வழக்கமாகச் சமைக்கும் பண்டாரிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னபோது முத்தலிப் சல்மாவைத்தான் பார்த்தார்.

"நீ நின்னு சொன்னா போதும். கிண்டுறதுக்கு ஆள் இருக்கு."

சொன்னால் போதவில்லை. விடியற்காலையிலிருந்து சல்மா பின்கட்டில் தேக்சா என்கிற மூன்று பெரிய பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில் நின்றாள். கறி வெந்தது. வெங்காயம் பொன்னிறமாகச் சிவந்தது. நெய்யில் முந்திரி உப்பியது. விறகுப் புகை கண்ணை எரித்தது. காலை ரொட்டி எந்த மூலையில் போனதென்றே தெரியவில்லை. சோற்றுக்குத் தம் போட்டு மூடியில் தணல் பரப்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முகமெல்லாம் வெளுத்திருக்கே," என்றாள் கதீஜா. "நீ கல்யாணத்துக்கு வர வேணாம். அங்க வந்தா எல்லாரும் சாப்பிடு சாப்பிடும்பாங்க. வீட்டுல படு. ஒன் சோறும் கீரையும் எடுத்து மூடி வச்சிருக்கேன்."

லாரி வந்தது. தேக்சாக்களை ஏற்றினார்கள். இடம் போதாததால் மூன்றாவது தேக்சாவின் சோற்றை அகலப் பாத்திரங்களில் மாற்றிக்கொண்டு, அடி ஒட்டிய தேக்சாவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளும் லாரியில் ஏறிக்கொண்டார்கள். கடையை அன்று அடைத்திருந்தார்கள். வீடு சட்டென்று வெறிச்சோடியது.

சல்மா மூடி வைத்திருந்த ஒரு கரண்டிச் சோற்றையும் கீரையையும் சாப்பிட்டாள். நாலு வாய்தான். தட்டைக் கழுவப் பின்கட்டுக்கு வந்தவள் தேக்சாவைப் பார்த்தாள். மூடி பாதி திறந்திருந்தது. அடியில் நெய் ஊறிச் சிவந்த சோறு ஒரு கெட்டி அடையாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் எலும்போடு இரண்டு கறித்துண்டுகள். மூடியைச் சரியாக மூடிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் படுத்தாள். கிராம்பை வாயில் போட்டாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். தஸ்பீஹ் மணிகளை உருட்டினாள். எத்தனையாவது மணி என்பது மறந்து மறந்து போனது. மறுபடி பின்கட்டுக்கு வந்தபோது, தேக்சாவை ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி காய்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் ஒரு விரல் அளவு பெயர்த்தாள். அது மொறுமொறுவென்று வந்தது. உப்பு, ஏலம், நெய். அதன் பிறகு அவள் யோசிக்கவில்லை. தேக்சாவுக்குள் தோள் வரை கையை விட்டு இரும்புக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, குனிந்த நிலையிலேயே இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். மெல்லாமல் விழுங்கினாள். எலும்பை உறிஞ்சினாள். பக்கத்தில் இருந்த அண்டாவின் அடியில் தாளிச்சா கொஞ்சம் இருந்தது. அதையும் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். வயிறு நிறைந்துவிட்டது தெரிந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்தபோதுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தேக்சாவின் அடியில் ஈயப்பூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. ரவிக்கைக் கையெல்லாம் நெய்.

அழுகை வரவில்லை, பயம் வந்தது. மதினி பார்ப்பாள். சுரண்டின தடம் தெரியும். சல்மா தேக்சாவைக் குழாயடிக்கு இழுத்தாள். பித்தளை, இரண்டு ஆண்கள் தூக்குவது. சாம்பலும் தென்னை நாரும் போட்டுத் தேய்த்தாள். தண்ணீரைக் கொட்டுவதற்காக விளிம்பைப் பிடித்து மூச்சடக்கிக் கவிழ்த்தபோது தொப்புளுக்கு மேலே எதுவோ பிதுங்கி வெளியே வந்து நின்றது.

படுத்து அழுத்தினாள். போகவில்லை. முழங்காலை மடக்கி, மூச்சை விட்டு மறுபடி அழுத்தினாள். வீக்கம் கல்லாக இருந்தது. தொட்டாலே உயிர் போனது.

கல்யாணம் முடிந்து லாரி திரும்பியபோது சூரியன் மேற்கில் இன்னும் உயரத்திலேயே இருந்தது. கதீஜா சல்மாவுக்கென்று தஞ்சோங் பகார் பசாரில் பிஞ்சு வெள்ளரிக்காய் வாங்கி வந்திருந்தாள். கட்டிலில் சுருண்டு கிடந்தவளின் சேலையை விலக்கிப் பார்த்தாள். வெள்ளரிக்காய்ப் பை கையிலிருந்து விழுந்தது.

"முத்தலிப்பு, டெக்சியக் கூப்புடு. சீக்கிரம்."

டெக்சியில் சல்மாவின் தலை கதீஜாவின் மடியில் இருந்தது. சிராங்கூன் ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நெய்யும் சோறும் நெஞ்சுக்கு ஏறின. சல்மா பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். வாந்தி எடுத்தால் எல்லாம் மடியில் கொட்டும், எல்லாரும் பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் லீலாதான் இருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். அன்று வேறொரு டாக்டர், இளவயதுக்காரர். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர் லீலாவிடம் வேகமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"உடனே ஆப்பரேஷன்," என்றாள் லீலா. "குடல் மாட்டிக்கிச்சு. விட்டா அழுகிடும். அக்கா, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க?"

சல்மா வாய் திறக்குமுன் முத்தலிப் சொன்னார். "அவ என்னத்தச் சாப்பிட்டா மிஸ்ஸி. இத்தனை மாசமாப் பட்டினிதான். இன்னிக்கு ஊருக்கே ஆக்கிப் போட்டா, ஒரு பருக்கை தொடலை. நீங்க சொன்ன மாதிரியே இருந்தா."

"காலையில ரொட்டி. மதியம் ஒரு கரண்டிச் சோறு, கீரை," என்றாள் கதீஜா. "நானே எடுத்து வச்சுட்டுப் போனேன்."

லீலா சல்மாவைப் பார்த்தாள். "அவ்வளவுதானாக்கா?"

முத்தலிப்பின் கண்கள் கலங்கியிருந்தன. அப்போதும் அவற்றில் அந்தப் பெருமை இருந்தது. சல்மா தலையசைத்தாள்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து நீண்ட தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் கதீஜா அவள் கையைப் பிடித்து ஓதிக்கொண்டே நடந்தாள். இன்னொரு பக்கம் லீலா. கூரை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. மறுபடி தொண்டைக்கு ஏறியது. விழுங்கினாள். இம்முறை பாதிதான் இறங்கியது. நாக்கில் புளிப்பும் ஏலமும் தட்டின.

"மிஸ்ஸி, சாப்பிட்டிருந்தா என்ன செய்யும்?"

லீலா நடந்துகொண்டே சொன்னாள். "மயக்க மருந்து குடுத்ததும் உடம்பு தெரியாது பாருங்க. அப்ப வயித்துல இருக்கிறது மேல வந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆளு முழிக்கிறதே கஷ்டம். அதனாலதான் கேக்கிறோம்." பிறகு நின்றாள். வண்டியும் நின்றது. "ஏங்கா?"

தாழ்வாரத்தின் முடிவில் இரட்டைக் கதவு. முத்தலிப் அதன் பக்கத்தில் போய் நின்றிருந்தார். கதீஜா ஓதுவதை நிறுத்தியிருந்தாள். இவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று லீலாவிடம் கேட்டுவிடலாம் என்று சல்மாவுக்குத் தோன்றியது. அதைக் கேட்பதற்குள் இன்னொரு அலை வயிற்றிலிருந்து கிளம்பியது. பிள்ளைகள் லாரியில் ஏறிக் கையசைத்தது கண்ணில் வந்தது.

"நான் தின்னுட்டேன்," என்றாள்.

"எதை?"

"தேக்சாவுல அடிச்சோறு. முழுக்க. கறியும் தின்னேன், தாளிச்சாவும் தின்னேன். ரெண்டு ஆளு சோறு இருக்கும். நிறுத்த முடியலை மிஸ்ஸி. எல்லாரும் போனதும் தின்னேன். அப்புறம் தேக்சாவக் கழுவி வச்சேன், அப்பத்தான் இது வந்துச்சு."

கதீஜாவின் பிடி தளர்ந்தது. சல்மா கண்ணை மூடிக்கொண்டாள். தள்ளுவண்டிச் சக்கரம் திரும்புகிற சத்தமும், லீலா ஓடுகிற காலடிச் சத்தமும் கேட்டன. கண்ணைத் திறந்தபோது கதீஜா அவளுடைய முகத்துக்கு மிக அருகில் இருந்தாள்.

"மறைச்சுத்தான் அவரும் போனாரு," என்றாள் கதீஜா மெதுவாக. "நீ சொல்லிட்ட புள்ள. சொல்லிட்ட."

மூக்கு வழியாக ஒரு ரப்பர்க் குழாயை இறக்கினார்கள். விழுங்கு விழுங்கு என்று லீலா தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். குழாய் அடைத்து அடைத்து நின்றது. சல்மா ஓங்கரித்ததில் பருக்கை பருக்கையாக எல்லாம் பாத்திரத்தில் வந்தது. முத்தலிப் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். வயிறு ஓரளவு காலியாகும்வரை டாக்டர் காத்திருந்தார். அந்த நேரம் முழுவதும் வீக்கத்தின் மேல் தோல் கருஞ்சிவப்பாக மாறிக்கொண்டே வந்தது. லீலா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரட்டைக் கதவு திறந்தது.

பிழைத்தாள். குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சலில் பல நாள் கிடந்தாள். தையல் நிற்குமா என்று டாக்டர் சொல்லவில்லை.

பார்வை நேரத்தில் முத்தலிப் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"என்னன்னு சொல்ல? ஊரெல்லாம் கூப்பிட்டு அரிசியை மறந்துட்டான்னு சொன்னீங்க. எனக்கு அரிசி ஒரு நிமிசங்கூட மறக்கலைங்க. ஒரு நிமிசங்கூட."

முத்தலிப் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சந்தோசத்துல சொன்னேன்," என்றார். அது அவர் காதுக்கே சரியாகப் படவில்லை போலும். எழுந்து அவள் தலையணையைச் சரிசெய்தார். "இனிச் சொல்லலை."

வீட்டுக்கு அனுப்பும்போது லீலா பழைய கதையையே மறுபடி சொன்னாள். எடை ஏறினால் தையல் பிரியும். இன்னும் குறைய வேண்டும். அதே ரொட்டி, அதே கீரை. "பசிக்கும்கா," என்றும் சொன்னாள். "மருந்து ஒண்ணும் கிடையாது அதுக்கு."

வீடு வந்தபோது அலமாரியில் பூட்டு இல்லை. கடைக்கு உப்புப் பார்க்கும் வேலையைப் பண்டாரியிடம் விட்டார்கள். நெய்ச்சோற்றின் ருசி கொஞ்சம் மாறியது. இரண்டு மூன்று பழைய வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள். முத்தலிப் அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை.

வந்து ஒரு வாரம் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கீழே நெய் காய்கிற வாசனை படிவழியாக ஏறி வந்தது. கதீஜா தரையில் உட்கார்ந்து பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சல்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"மதினி, எனக்குப் பசிக்குது."

கதீஜா நிமிர்ந்தாள். "இப்பத்தானே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "ரொம்பவா?"

"ரொம்ப. கீழ போனா தின்னுடுவேன்."

கதீஜாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் மனசில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"சேலையச் சரி பண்ணு. வெளிய போவோம்."

கடை வழியாகப் போகாமல் பின்சந்து வழியாக இறங்கினார்கள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சல்மா மெதுவாக நடந்தாள். கதீஜாவின் குடை இருவர் தலைக்கும் போதவில்லை. பலகாரக் கடை வரும்போதெல்லாம் கதீஜா அவள் கையைப் பிடித்துத் தெருவின் எதிர்ப்பக்கம் தாண்டினாள். சிராங்கூன் ரோட்டில் எதிர்ப்பக்கமும் பலகாரக் கடைதான். அப்படியே குறுக்கும் நெடுக்குமாகப் போனார்கள். சல்மா வழியெல்லாம் பசியைப் பற்றியே பேசினாள். எந்த நேரத்தில் வரும், எங்கே பிடிக்கும், கை எப்படித் தானாகப் போகும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கதீஜா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

திரும்பி வந்தபோதும் பசி அப்படியே இருந்தது. கதீஜா ரொட்டியை வாட்டித் தட்டில் வைத்தாள். பிறகு இன்னொரு துண்டை வாட்டினாள், வெண்ணெய் தடவாமல், சீனி போடாமல். தட்டின் மறுபக்கம் உட்கார்ந்து அதைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"காஞ்ச மட்டை மாதிரி இருக்கு," என்றாள்.

"ஆமா," என்றாள் சல்மா. "மெதுவா மெல்லுங்க மதினி. அப்பத்தான் கொஞ்ச நேரம் வரும்."

இருவரும் மென்றுகொண்டிருந்தார்கள்.